தெருத் தாக்குதலும் தற்காப்பு நெறியும்

தற்காப்பு என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்திற் பலருடைய மனக்கண்முன் தோன்றுவது, ஒருவன் தனித்து நின்று நால்வரை அடித்து வீழ்த்துங் காட்சியேயாகும். திரைப்படங்கள் வளர்த்துவிட்ட எண்ணம் இது. உண்மையான தற்காப்பு இதற்கு நேர்மாறானது. தெருவிலே எதிர்பாராது ஒரு தாக்குதல் நேருமாயின், அதிலிருந்து உயிரோடும் உறுப்புக் குறைவின்றியும் வீடு திரும்புவதே அதன் நோக்கம். எதிரியை வெல்லுதலோ, அவனுக்குப் பாடம் படிப்பித்தலோ, பார்த்து நிற்போரின் பாராட்டைப் பெறுதலோ அதன் நோக்கமன்று. வெற்றியை நாடுபவன் எதிரியை விட்டுப் போக மனமின்றி நிற்பான். பாதுகாப்பை நாடுபவன் போவதற்கு வழி எங்கேயென்று பார்ப்பான். இந்த ஒரு வேறுபாட்டை மனத்திற் கொண்டால், பின்னர் கூறப்படும் விதிகள் யாவும் எளிதில் விளங்கும்.

உடற்கலைகளைப் பயின்றவருக்கு இத்தகைய விதிகள் வேண்டுவதில்லையென்று சிலர் கருதுவர். யப்பானிய அறிஞர் ஜிகோரோ கனோ 1882 ஆம் ஆண்டிலே தோக்கியோவிற் கொடோகன் என்னும் பயிற்சிக் கழகத்தை நிறுவி, பழைய மற்போர் முறைகளிலிருந்து ஜூடோ என்னுங் கலையை வகுத்தார். எதிரியின் பலத்தோடு மோதாது, அதற்கு இடங்கொடுத்து அதனையே அவனுக்கு எதிராகத் திருப்புதல் அக்கலையின் அடிப்படை. தமிழரிடையே சிலம்பமும் குத்துவரிசையும் நெடுங்காலமாகப் பயிலப்பட்டு வந்துள்ளன. இவையெல்லாம் உடலுக்கு உறுதியையும் உள்ளத்துக்கு அடக்கத்தையும் தருவன என்பதில் ஐயமில்லை. ஆயினும், பயிற்சிக்கூடம் வேறு, தெரு வேறு. கூடத்திலே மெத்தை விரிக்கப்பட்டிருக்கும், நடுவர் ஒருவர் இருப்பார், எதிரி ஒருவனே, அவனும் ஏறக்குறைய ஒத்த நிறையுடையவன், போட்டி தொடங்கும் நேரமும் இருவருக்குந் தெரியும். தெருவிலோ தரை கல்லாகவும் தாராகவும் இருக்கும். எதிரியின் இடுப்பிற் கத்தியிருப்பதும், அவனுடைய கூட்டாளிகள் பின்னால் நிற்பதும் கண்ணுக்குத் தெரியா. தொடக்கத்தை அறிவிக்கும் மணியும் இல்லை. ஆதலின், கலை கற்றவரும் கல்லாதவரும் ஒருங்கே அறியவேண்டிய பொதுநெறி ஒன்று உண்டு.

அரசன் மேற்கொள்ளும் வினையைப் பற்றிக் கூறவந்த திருவள்ளுவர், வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை 48, 49, 50 என அடுத்தடுத்து வைத்துள்ளார். படையும் அரணும் உடைய வேந்தனுக்கு அவ்வரிசை பொருந்தும். கையிற் குடையும் பையுமாக வீடு நோக்கி நடக்கும் தனிமனிதருக்கோ அவ்வரிசையைத் தலைகீழாகக் கொள்வதே தகும். முதலில் இடம், அடுத்துக் காலம், இறுதியில் வலி. இடத்தை அறிந்தவர்க்குப் பெரும்பாலும் மற்றவை இரண்டும் தேவைப்படா. காலத்தை அறிந்தவர்க்கு வலியைக் காட்டும் நிலை அரிதாகவே நேரும்.

இடத்தை அறிதலாவது, தாம் எங்கே நிற்கின்றார், அங்கே யார் யார் உளர், வெளியேறும் வழி எது என்பவற்றை அறிந்திருத்தல். மதுவருந்தியோர் கூடும் தவறணை வாசல், இருண்ட ஒழுங்கை, கடைசிப் பஸ் போனபின் வெறிச்சோடிக் கிடக்கும் நிலையம் ஆகியவற்றைத் தவிர்க்க முடியுமாயிற் தவிர்ப்பதே முதல் விதி. கால் மைல் சுற்றிப்போக நேர்ந்தாலும், விளக்கும் மக்கள் நடமாட்டமும் உள்ள தெருவே குறுக்குவழியிலும் சிறந்தது. தவிர்க்கமுடியாத இடங்களில் விழிப்பு வேண்டும். அமெரிக்கக் கடற்படைப் பிரிவொன்றில் அதிகாரியாயிருந்த ஜெவ் கூப்பர் என்பவர் மனத்தின் விழிப்பு நிலைகளை வெள்ளை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என நிறங்களாற் குறித்தார். வெள்ளை என்பது ஒன்றையும் கவனியாத நிலை. மஞ்சள் என்பது அச்சமின்றிச் சுற்றுப்புறத்தைக் கவனித்திருக்கும் நிலை. செம்மஞ்சள் என்பது குறிப்பிட்ட ஒருவரையோ ஒன்றையோ ஐயுற்று நோக்கும் நிலை. சிவப்பு என்பது செயலுக்கு ஆயத்தமான நிலை. தெருவில் இறங்கிய ஒருவர் எப்போதும் மஞ்சள் நிலையில் இருத்தல் நன்று. கையடக்கத் தொலைபேசியிற் கண்ணையும், காதிற் செருகிய கருவியிற் செவியையும் பறிகொடுத்து நடப்பவர் வெள்ளை நிலையில் நடக்கின்றார். தாக்க நினைப்பவன் தேடுவதும் அத்தகையவரையே.

இது வெறும் ஊகமன்று. பெற்றி கிரேசன், மொறிஸ் ஸ்ரைன் என்னும் இருவர் 1981 இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இதற்குச் சான்றாகும். நியூ யோர்க் நகரத் தெருவிலே நடந்து சென்றோரை அவர்கள் அறியாவண்ணம் படம்பிடித்து, தாக்குதற் குற்றங்களுக்காகச் சிறையிலிருந்தோருக்கு அப்படங்களைக் காட்டி, இவர்களுள் எளிதிற் தாக்கக்கூடியவர் யார் என்று வினவினர். சிறையாளிகள் சில விநாடிகளுள்ளேயே தெரிந்தெடுத்துவிட்டனர். அவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டோரை ஆராய்ந்தபோது, அவர்களுடைய நடையிலே வேறுபாடு காணப்பட்டது. காலடி அளவுக்கு மீறி நீண்டோ குறுகியோ இருந்தது. கையும் காலும் உடலும் ஒன்றோடொன்று இசையாது அசைந்தன. நிமிர்ந்து, சீரான அடிவைத்து, எதிரே வருவோரை ஒருமுறை நோக்கி நடப்பவர் செலவின்றிக் கிடைக்கும் கவசமொன்றை அணிந்தவராவர்.

இடத்தோடு சேர்ந்தது தூரம். மக்கள் ஒருவரோடொருவர் பழகுமிடத்து விடும் இடைவெளியை ஆராய்ந்த எட்வேட் ஹோல் என்னும் அமெரிக்க அறிஞர், 1966 இல் வெளியிட்ட நூலிலே, அறிமுகமானோர் நிற்கும் எல்லையை ஏறக்குறைய நான்கு அடியென வகுத்தார். முன்பின் அறியாத ஒருவன் காரணமின்றி அவ்வெல்லைக்குள் வருவானாயின், அதுவே முதல் எச்சரிக்கை. மணி என்னவென்றோ, நெருப்புப்பெட்டி இருக்கிறதாவென்றோ, வழி எதுவென்றோ அவன் கேட்கக்கூடும். கேட்போர் யாவரும் தீயவரல்லர்; பெரும்பாலோர் நல்லவரே. ஆயினும், பேச்சிற் கவனத்தை இழுத்துக்கொண்டு அருகே வருதல் வழிப்பறிக்காரரின் பழைய உபாயம். இரண்டடி பின்வைத்து, மரியாதையோடு சுருக்கமாக மறுமொழி கூறுவதால் நல்லவர் மனம் நோவதில்லை. தீயவனுக்கோ இவர் விழிப்போடு இருக்கின்றார் என்பது தெரிந்துவிடும். பேசுபவன் கைகளை மறைத்தல், அக்கம்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தல், கேட்ட கேள்விக்கு விடையைக் கேளாமலே நெருங்குதல், அவனோடு வந்தவன் பக்கவாட்டிலே நகருதல் ஆகியன பேச்சுக்கு அப்பாலுள்ள நோக்கத்தைக் காட்டும் குறிகள்.

இனி, தெருவிலே நேரும் வன்செயல் ஒரே தன்மையதன்று, இருவகைப்படும். ஒன்று சினத்தால் வருவது. மற்றையது ஆதாயங் கருதி வருவது. இவ்விரண்டுக்கும் மருந்து வேறு. நோயறியாது மருந்து கொடுத்தலால் நன்மை விளையாது.

சினத்தால் வருஞ் சண்டை பெரும்பாலும் அற்ப காரியத்திலே தொடங்கும். பஸ்ஸில் மிதித்த கால், மோட்டார் வண்டியில் உராய்ந்த கீறல், முறைத்துப் பார்த்ததாக ஒரு குற்றச்சாட்டு, பழைய காணித் தகராறு, இவையே காரணம். வாய்த்தர்க்கம் முற்றும், குரல் உயரும், நெஞ்சை நெஞ்சு தள்ளும், பார்ப்போர் கூடுவர், அதன்பின் பின்வாங்குவது அவமானமெனத் தோன்றும். இந்த ஏணியிலே மேலே ஏற ஏற இறங்குவது கடினம். ஆதலின் முதற்படியிலேயே இறங்கிவிடுவதே அறிவு. "பிழைதான், மன்னித்துக்கொள்ளுங்கோ" என்னும் ஒரு சொல்லுக்கு ஆகும் செலவு யாதுமில்லை. பிழை தம்முடையதன்று என்பது தெரிந்திருந்தும் அதனைச் சொல்லக்கூடியவரே உள்ளத்தில் வலியவர். எதிரியைக் கேலி செய்தல், சவால் விடுதல், விரலை நீட்டிப் பேசுதல், அவனைச் சூழ நிற்போர்முன் நாணச்செய்தல் ஆகியவற்றைக் கண்டிப்பாகத் தவிர்க்கவேண்டும். அவன் மானத்தோடு விலகிச்செல்ல ஒரு வழி விட்டுவைத்தால், பலவேளைகளில் அவனும் அவ்வழியே போய்விடுவான்.

ஓர் அடியால் என்ன வந்துவிடும் என்று இளைஞர் சிலர் எண்ணுவதுண்டு. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இதற்கு மறுமொழி கூறும். அங்கே மதுக்கடைகளின் அயலிலே ஒரே குத்தினால் இளைஞர் உயிரிழந்த சம்பவங்கள் மக்களைக் கலங்கச் செய்தன. அதன் விளைவாக 2014 ஆம் ஆண்டிலே, ஒரே அடியால் மரணம் விளைவிப்பதைத் தனிக் குற்றமாக்கி அம்மாநிலச் சட்டசபை சட்டமியற்றியது. மதுவெறியில் அதனைச் செய்தவனுக்குக் குறைந்தபட்சம் எட்டு ஆண்டுச் சிறையும் விதிக்கப்பட்டது. இத்தகைய மரணங்களிற் பெரும்பாலும் உயிரைக் கொல்வது குத்தன்று; தரை. குத்துண்டவர் உணர்விழந்து, கையூன்ற இயலாது மரம்போல் விழும்போது பின்மண்டை கல்லில் மோதுகின்றது. மண்டையோட்டினுள்ளே இரத்தக்குழாய் கிழிந்து, கசியும் இரத்தம் மூளையை நெருக்குகின்றது. அடித்தவனும் கொலைகாரனாகும் நோக்கத்தோடு அடித்தவனல்லன். ஒரு நொடிச் சினம் ஒரு குடும்பத்துக்கு மகனையும், மற்றொரு குடும்பத்துக்கு மகனின் எதிர்காலத்தையும் இல்லாமற் செய்துவிடுகின்றது. ஆதலின், அடிவாங்குதலைப் போலவே அடித்தலும் ஆபத்தேயாகும்.

ஆதாயங் கருதி வருபவன் வேறு வகையினன். அவனுக்குச் சினமில்லை, பணமோ நகையோ தொலைபேசியோ வேண்டும். அவனிடம் மன்னிப்புக் கேட்பதாற் பயனில்லை. பொருளைக் கொடுத்துவிடுவதே உயிரைக் காக்கும் வழி. பணத்தை மீண்டும் உழைக்கலாம். கொடுக்கும்போது கைக்குக் கை கொடாது, சற்றுத் தூரத்திலே ஒரு பக்கமாக எறிந்துவிட்டு, மறுபக்கமாக விலகி ஓடுவது சிறந்தது. அவன் கண் பொருளைத் தொடரும். ஆனால் அவன் கேட்பது பொருளையன்றி ஆளையாயின் நிலைமை வேறு. வாகனத்தில் ஏறு என்றோ, அந்த ஒதுக்குப்புறத்துக்கு வா என்றோ கட்டளையிடுவானாயின், அங்கே நேரக்கூடியது இங்கே நேரக்கூடியதிலும் கொடியது என்று கொள்ளவேண்டும். சாட்சிகள் இருக்குமிடத்தை விட்டுச் சாட்சிகள் இல்லாவிடத்துக்குக் கொண்டுபோகவே அவன் முயல்கின்றான். அந்நிலையில் இடம் மாறச் சம்மதியாது, கூக்குரலிட்டும் உதறியும் ஓடியும் அவ்விடத்திலேயே எதிர்த்தல் வேண்டும்.

அடுத்தது காலம். ஆபத்து நேரும்போது உடலில் நிகழும் மாற்றங்களை ஹாவாட் பல்கலைக்கழகத்து உடற்றொழிலியல் அறிஞர் வால்ற்றர் கனன் ஆராய்ந்து, 1915 இல் நூலாக வெளியிட்டார். சிறுநீரகத்தின் மேலமைந்த சுரப்பிகள் அதிரினலீனைக் குருதியிற் கலக்கின்றன, இதயம் விரைந்து துடிக்கின்றது, மூச்சு மேலெழுகின்றது, குருதி தசைகளுக்குப் பாய்கின்றது. இது போராடுதற்கோ ஓடுதற்கோ உடல் செய்யும் ஆயத்தம். இவ்வாயத்தத்தால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. பலம் கூடும், நோவு சற்றுத் தெரியாது. அதேவேளையிற் பார்வை ஒரு குழாயினூடே பார்ப்பதுபோற் குறுகும். பக்கத்தில் நிற்பவன் தெரியான். விரல்கள் நடுங்கி, திறப்பைத் துவாரத்தில் இடுவதும் தொலைபேசி எண்ணை அழுத்துவதுங்கூட இயலாமற் போகும். சிலருக்குக் கைகால் விறைத்து அசையாத நிலையும் ஏற்படும். இஃது இயற்கையேயன்றிக் கோழைத்தனமன்று. இதனை முன்னரே அறிந்திருப்பவர், நடுக்கம் வரும்போது இதுதான் அது என்று உணர்ந்து, மூக்கினால் ஆழ மூச்சிழுத்து மெதுவாக வெளிவிடுவர். இரண்டு மூன்று மூச்சிலே தலையைத் திருப்பிச் சுற்றிப் பார்க்கும் தெளிவு மீளும்.

காலம் எவ்வளவு குறுகியது என்பதை அமெரிக்காவின் சோல்ற் லேக் நகரப் பொலிஸ் பயிற்றுநர் டெனிஸ் ருவெலர் 1983 இல் எழுதிய கட்டுரையொன்றிற் காட்டினார். கத்தியோடு 21 அடி தூரத்தில் நிற்பவன் அத்தூரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒன்றரை விநாடி போதும். பயின்ற பொலிசார் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடுவதற்கும் அவ்வளவு நேரமே செல்லும். பயின்றவர்க்கே நிலைமை இதுவாயின், நான்கடி தூரத்தில் நிற்கும் ஒருவனுடைய கையசைவைக் கண்டபின் தடுக்கலாம் என்று சாதாரண மனிதர் எண்ணுவது வீண். ஆகவே, தடுக்கும் கை அடி விழுமுன்பே உரிய இடத்தில் இருத்தல் வேண்டும். ஒரு காலைச் சற்றுப் பின்வைத்து, இரு உள்ளங்கைகளையும் எதிரியை நோக்கி நெஞ்சளவில் உயர்த்தி, "சண்டை வேண்டாம், தம்பி" என்று தணிந்த குரலிற் சொல்லி நிற்றல் சிறந்த முறை. பார்ப்போருக்கு அது சமாதானம் வேண்டும் நிலையாகவே தோன்றும். ஆனால் முகத்தையும் கழுத்தையும் காக்கும் வேலி அதுவே. ஓடுவதற்கு வழியிருந்தால், ஓடவேண்டிய காலமும் இதுவே. வெறுமனே ஓடாது, வெளிச்சமுள்ள கடையையோ வீட்டையோ மக்கள் கூட்டத்தையோ நோக்கி ஓடவேண்டும்.

இடமும் காலமும் கைகொடாதபோதே வலி வேண்டப்படும். வலி என்பது தசைப்பெருக்கமன்று. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இலண்டனில் வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்களுக்கு எடித் கரட் என்னும் அம்மையார் யப்பானிய மற்போரைக் கற்பித்தார். அவர் ஐந்தடி உயரமும் இல்லாதவர். ஆறடிப் பொலிசாரை அவரும் அவருடைய மாணவியரும் நிலைகுலையச் செய்தது பலத்தாலன்று. நிலை எங்கே தளர்கின்றது என்பதை அறிந்தமையாலேயே. மனித உடலிற் கண், மூக்கு, தொண்டை, அடிவயிறு, கவட்டை, முழங்கால், முன்னங்கால் எலும்பு ஆகியன எவர்க்கும் மென்மையான இடங்கள். இவற்றுட் சிலவற்றைத் தாக்குதல் விளையாட்டிலே தடைசெய்யப்பட்டுள்ளது. அத்தடையே அவற்றின் பயனைக் காட்டுகின்றது. பயிலாதவர் கையைப் பொத்தி எதிரியின் தலையிற் குத்துதல் கூடாது. மண்டையோடு கடினமானது, சுண்டுவிரலுக்குப் பின்னுள்ள மெல்லிய எலும்பு முறிந்துவிடும். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மூக்கையோ நாடியையோ மேல்நோக்கித் தாக்குதலும், முழங்கையாலும் முழங்காலாலும் இடித்தலும் கைக்குச் சேதமில்லாதன. ஓரடி அடித்துவிட்டு அதன் பயனைப் பார்த்து நில்லாது, விடுபட்டவுடன் ஓடுதல் வேண்டும்.

கையைப் பற்றிக்கொண்டவனிடமிருந்து விடுபட, அவனுடைய பெருவிரலும் மற்றை விரல்களும் சந்திக்கும் இடத்தை நோக்கிக் கையைத் திருகி இழுக்கவேண்டும். நான்கு விரலின் பிடியிலும் ஒரு பெருவிரலின் பிடி தளர்ந்தது. கழுத்தை நெரிப்பவனிடம் அகப்பட்டால், முதலில் நாடியை நெஞ்சோடு தாழ்த்தித் தொண்டையைக் காத்து, அவனுடைய கைகளை இரு கையாலும் கீழே பிடுங்கிக்கொண்டே முழங்காலால் தாக்கவேண்டும். சில விநாடிகளில் உணர்வு மங்கக்கூடுமாதலால் இங்கே தாமதம் ஆகாது. கீழே விழ நேர்ந்தால் நாடியை நெஞ்சோடு சேர்த்து, முதுகை வளைத்து விழுதல் வேண்டும். பின்மண்டை தரையில் மோதாது காத்தலே அங்கு முதற்கடமை. விழுந்தபின் கால்களை எதிரியை நோக்கி வைத்து உதைத்து, கிடைத்த முதல் இடைவெளியில் எழுந்துவிடவேண்டும். பலர் சூழும்போது நடுவில் நில்லாது ஓரமாக விலகி, ஒருவன் பின் ஒருவனாக அவர்கள் நிற்குமாறு நகருதல் வேண்டும். ஒருவனை மட்டும் பிடித்து உருளுவது மற்றவருடைய காலடியிற் தலையை வைப்பதற்குச் சமம். கத்தியைக் கண்டால் வெறுங்கையாற் பறிக்கும் வித்தையை மறந்துவிட்டு ஓடுவதே முறை. ஓட வழியில்லையேல், பை, குடை, கதிரை, சைக்கிள் என எது கிடைத்தாலும் அதனை இடையிலே வைத்துக்கொள்ளவேண்டும். தற்காப்புக்கென்று தாமே கத்தி கொண்டு திரிதல் ஆபத்து. பறிக்கப்பட்டால் அது எதிரியின் ஆயுதம். பறிக்கப்படாவிட்டாலோ சினத்தில் வந்த சிறு சண்டையைக் கொலையாக்கும் கருவி.

இவையெல்லாவற்றிலும் எளிதாக எவரும் பயன்படுத்தக்கூடிய ஆயுதம் குரல். பெண்கள் இதனைச் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015 இல் இலங்கையில் நடத்திய ஆய்விலே, பஸ்ஸிலும் புகையிரதத்திலும் தொல்லைக்காளானதாகக் கூறிய பெண்கள் நூற்றுக்கு 90 பேர். அவ்வாறு தொல்லையுற்றோருள் பொலிசாரின் உதவியை நாடியவர் நூற்றுக்கு 4 பேர் மட்டுமே. இடையிலுள்ள அந்த மௌனமே துன்புறுத்துவோரின் துணை. உரத்த குரலில், "கையை எடு! விலகு!" எனச் சொல்வதால் அம்மௌனம் உடைகின்றது. எதைச் சொல்வது என்பதும் கவனிக்கத்தக்கது. சொற்லன்ட், ஸ்ரோ என்னும் இரு ஆய்வாளர் 1976 இல் வெளியிட்ட பரிசோதனையிலே, ஓர் ஆடவன் ஒரு பெண்ணைத் தாக்குவதுபோல நடிக்கச் செய்தனர். "உன்னை எனக்குத் தெரியாது" என்ற கருத்துப்பட அவள் கத்தியபோது நூற்றுக்கு 65 பேர் இடைப்பட்டனர். கணவனிடம் கூறுவதுபோலக் கத்தியபோதோ நூற்றுக்கு 19 பேரே முன்வந்தனர். குடும்பத் தகராறென்று ஊரார் ஒதுங்கிவிடுதல் எங்குமுள்ள வழக்கம், அது நல்வழக்கமன்று. எனினும் ஆபத்திலுள்ளவர், "இவர் ஆரெண்டு எனக்குத் தெரியாது, காப்பாற்றுங்கோ" என்று கத்துவது பயனளிக்கும். கூட்டத்தைப் பொதுவாக அழையாது ஒருவரைச் சுட்டி, "நீலச் சேட்டுப் போட்ட அண்ணை, பொலிசுக்கு அடியுங்கோ" என்று அழைத்தால், அவர் தம் கடமையை உணர்வார்.

பார்த்து நிற்போர் உதவமாட்டார் என்ற பொதுக்கருத்து முழுவதும் உண்மையன்று. இங்கிலாந்து, நெதர்லாந்து, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளின் நகரங்களிலே தெருக் கமெராக்களிற் பதிவான 219 சண்டைகளை ஆராய்ந்து 2019 இல் வெளியிடப்பட்ட அறிக்கையொன்று, பத்திலே ஒன்பது சண்டைகளில் ஒருவரேனும் இடைப்பட்டு உதவினார் எனக் காட்டியது. உதவ விரும்புபவர் தாமே சண்டையிற் குதிக்கவேண்டுமென்பதில்லை. பலராகச் சேர்ந்து நெருங்குதல், தாக்கப்பட்டவரோடு பேச்சுக்கொடுத்து அவரை அப்பால் அழைத்துச் செல்லுதல், பொலிசாரின் அவசர இலக்கமாகிய 119 இற்கு அறிவித்தல் ஆகிய யாவும் உதவியே.

சட்டம் இவ்விடயத்தில் யாது கூறுகின்றது? இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டமாகும். அதன் 89 ஆம் பிரிவு முதல் 99 ஆம் பிரிவு வரை தற்காப்புரிமையைப் பற்றிக் கூறுகின்றன. தன் உடலையும் பிறர் உடலையும் காக்கும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு. உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ, பெண்ணின் கற்பழிப்புக்கோ, ஆட்கடத்தலுக்கோ அஞ்சத்தக்க நியாயமான காரணம் இருக்குமிடத்து அவ்வுரிமை மிக விரிந்தது என்பதை 93 ஆம் பிரிவு காட்டுகின்றது. ஆனால் 92 ஆம் பிரிவு இரண்டு எல்லைகளை வகுக்கின்றது. அரச அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரமிருந்தால் அவ்வுரிமை இல்லை. காப்புக்கு வேண்டிய அளவிலும் கூடிய தீங்கு செய்யவும் உரிமையில்லை. எதிரி விழுந்தபின்னும் மிதிப்பவர், ஓடுபவனைத் துரத்தி அடிப்பவர், மறுநாள் ஆட்சேர்த்துக்கொண்டு போய்ப் பழிவாங்குபவர் ஆகியோர் தற்காப்பாளரல்லர். சட்டத்தின் முன் அவர்களும் குற்றவாளிகளே. ஆபத்து நீங்கிய கணத்திலேயே தற்காப்பும் முடிந்துவிடுகின்றது. தப்பிப்பதே நோக்கமெனக் கொண்டவருக்கு இவ்வெல்லை ஒரு தடையன்று. அவர் நோக்கமும் சட்டத்தின் நோக்கமும் ஒன்றே.

தப்பியபின் செய்யவேண்டுவனவும் சில உள. உடலின் கிளர்ச்சி அடங்குமுன் நோவு தெரியாதாதலால், காயம் உண்டோவென்று தலை முதல் கால் வரை கையாற் தடவிப் பார்த்தல் வேண்டும். குருதி பெருகுமாயின், தூய துணியை வைத்து விடாது அழுத்திப் பிடிக்கவேண்டும். உடலிற் குத்தி நிற்கும் கத்தியைப் பிடுங்குதல் ஆகாது. அதுவே குருதிப்பெருக்கை அடைத்து நிற்கக்கூடும். தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்து பேசினாலும் அலட்சியம் கூடாது. உள்ளே குருதி மெல்லக் கசிவதால், சில மணி நேரம் நலமாயிருந்தவர் பின்னர் மயங்கி விழுவதுண்டு. வாந்தி, வரவரக் கூடும் தலைவலி, எழுப்பமுடியாத தூக்கம், தடுமாறும் பேச்சு, கண்மணிகளின் அளவிலே வேறுபாடு ஆகியன தோன்றின் ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும். பின்னர் பொலிசில் முறைப்பாடு செய்தல் வேண்டும். தாக்கியவனின் தோற்றம், உடை, வாகன இலக்கம், சென்ற திசை ஆகியவற்றை நினைவு மங்குமுன் எழுதி வைத்தல் நன்று. சிலநாள் உறக்கமின்மையும் திடுக்கிடுதலும் இருப்பின், அதனை மறைத்து வைக்காது நெருங்கியவரோடும் வைத்தியரோடும் பேசவேண்டும்.

இந்நெறிகளிற் பெரும்பகுதிக்குப் பயிற்சிக்கூடம் வேண்டுவதில்லை. வழக்கமாகப் போகும் வழியிலே உதவிக்கு ஓடக்கூடிய கடை எது, விளக்கில்லாத இடம் எது என்று வீட்டிலுள்ளோர் ஒருமுறை பேசி வைத்துக்கொள்ளலாம். உரத்துக் கத்துதலையும், பிடித்த கையை விடுவித்தலையும் பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே பழக்கலாம். வளரும் ஆண்பிள்ளைகளுக்கோ மற்றொன்றும் கற்பிக்கவேண்டும். தெருவிலே ஒருவன் ஏசினான், பதிலுக்கு அடியாமல் வந்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து சொல்லும் மகனை, "ஆம்பிளையா நீ?" என்று ஏளனஞ் செய்யும் தந்தையர் இன்னும் இருக்கின்றனர். அந்த ஒரு கேள்வி அடுத்தமுறை அவனைத் தெருவிலே நிறுத்திவிடும். விலகி வந்த மகனை, நல்ல காரியஞ் செய்தாய் என்று உள்ளே அழைத்துச் சோறு போடும் வீடே தற்காப்பைக் கற்பிக்கும் முதற் பள்ளிக்கூடமாகும்.